குழாய்க்குக் கடன்: அமெரிக்க அரசு கொடுப்பதும் ஊர் திருப்பிக் கட்டுவதும்

மண்ணுக்கடியில் பதித்த குடிநீர்க் குழாய் ஐம்பது ஆண்டுகளாவது உழைக்கும். நூறாண்டைத் தாண்டிய குழாய்களும் உண்டு. ஆனால் அதைப் பதிக்கும் ஒப்பந்ததாரருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முழுப் பணத்தையும் கொடுத்தாக வேண்டும். அந்தச் செலவு முழுவதையும் இன்றைக்கு ஊரில் குடியிருப்பவர்களிடமே வசூலித்தால் அவர்களால் தாங்க முடியாது. பேரப்பிள்ளைகள் குடிக்கப்போகும் தண்ணீருக்கும் சேர்த்து இவர்களே கட்டுவது நியாயமும் ஆகாது. தண்ணீர்த் திட்டங்கள் பெரும்பாலும் கடனில் நடப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

கடன் கொடுப்பது அரசாக இருந்தால் வட்டி குறையும், தவணைக் காலம் நீளும். இந்த ஏற்பாட்டை அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பிய நாடு அமெரிக்கா. நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் அதற்கு இருப்பதால், இப்படிப்பட்ட கடன்களால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை அங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது. சுருக்கமாகச் சொன்னால், அரசுக் கடன் பணத்தின் விலையைக் குறைக்கும். அதைத் திருப்பிக் கட்டவேண்டியவர் யார் என்பதை அது மாற்றாது. தண்ணீர் வரி கட்டும் வீடுகள்தான் கடைசியில் கட்டுகின்றன.

தொடக்கம் பாசனத்தில். தியோடர் ரூஸ்வெல்ட் அதிபராக இருந்த 1902-இல் நிலமீட்புச் சட்டம் வந்தது. மேற்கு மாநிலங்களின் வறண்ட நிலங்களுக்கு மத்திய அரசு அணையும் கால்வாயும் கட்டித் தரும். பயன்பெறும் விவசாயிகள் அந்தச் செலவைப் பத்து ஆண்டுகளில் வட்டியில்லாமல் திருப்பிக் கட்ட வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. புதிதாகத் திருத்திய நிலத்தில் முதல் சில ஆண்டுகளுக்கு விளைச்சலே சரியாக வராது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தவணைகள் தவறின. 1914-இல் காலக்கெடு 20 ஆண்டுகளாக நீண்டது. 1926-இல் 40 ஆண்டுகளாயிற்று. வட்டியில்லாத கடனை நாற்பது ஆண்டுகளுக்கு இழுத்தால் அசலின் உண்மை மதிப்பில் பெரும்பகுதியைப் பணவீக்கமே தின்றுவிடும். பெயருக்குத்தான் அது கடன். உள்ளே இருந்தது மானியம். கட்ட முடியாதவர்களுக்குக் கடன் கொடுத்தால் அது இப்படித்தான் மெல்ல உருமாறும். இது பின்னாலும் பல முறை நடந்தது.

மானியத்திலிருந்து சுழல்நிதிக்கு

கழிவுநீர்த் துறையில் கதை எதிர்த்திசையில் போயிற்று. 1972-இல் தூய நீர்ச் சட்டம் வந்தபோது, சுத்திகரிப்பு நிலையம் கட்டும் நகரங்களுக்கு மத்திய அரசு செலவில் 75 சதவீதத்தை மானியமாகவே தந்தது. ஆறுகளில் சாக்கடையைக் கலந்துகொண்டிருந்த நகரங்கள் நிலையங்களைக் கட்டின. பலன் கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே சில பழக்கங்களும் வளர்ந்தன. முக்கால் பங்கை வாஷிங்டன் தருகிறது என்றால் தேவைக்கு மேல் பெரிதாகவே கட்டலாம். தன் முறை வரும்வரை அவசர வேலையைக்கூடத் தள்ளிப்போடலாம். 1981-இல் மத்திய அரசின் பங்கு 55 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 1987-இல் மானியத்தைப் படிப்படியாக நிறுத்திவிட்டுக் கடனுக்கு மாறும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. செலவு அதிகம் என்று சொல்லி அதிபர் ரீகன் கையெழுத்திட மறுத்து அதைத் தடுத்தார். இரு அவைகளும் மீண்டும் கூடி அவருடைய தடையைத் தாண்டி அதைச் சட்டமாக்கின.

அப்படிப் பிறந்ததுதான் தூய நீர் மாநிலச் சுழல்நிதி. மத்திய அரசு ஆண்டுதோறும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூலதனம் தரும். அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான பணத்தை மாநிலம் தன் பங்காகச் சேர்க்க வேண்டும். சேர்ந்த பணத்தை நகரங்களுக்குச் சந்தை வட்டிக்குக் குறைவாகக் கடன் கொடுப்பார்கள். நகரங்கள் கட்டும் அசலும் வட்டியும் அதே நிதிக்குத் திரும்பி வரும். அடுத்த நகரத்துக்குப் போகும். தொடக்கத்தில் தவணைக் காலம் 20 ஆண்டுகள். 2014-க்குப் பிறகு 30 ஆண்டுகள் வரை போகலாம்.

குடிநீருக்கு இதே ஏற்பாடு 1996-இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மில்வாக்கி நகரக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி கலந்து ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் நோயுற்றது அரசியல்வாதிகளை உலுக்கியிருந்தது. ஊரகப் பகுதிகளுக்கு இவற்றுக்கு வெளியே வேளாண்மைத் துறையின் கடன் திட்டம் ஒன்றும் இருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு 40 ஆண்டு வரை நிலையான வட்டியில் கடன். ஊர் ஏழையாக இருந்தால் குறைந்த வட்டி, கொஞ்சம் மானியமும் உண்டு.

சுழல்நிதியின் அழகு, ஒருமுறை போட்ட பணம் பலமுறை வேலை செய்வதில் இருக்கிறது. சில மாநிலங்கள் இதற்கும் ஒரு படி மேலே போகின்றன. நிதியில் இருக்கும் பணத்தையும் வரவேண்டிய தவணைகளையும் பிணையாக வைத்துக் கடன் பத்திரம் வெளியிட்டு, ஒரு டாலரைக் கொண்டு இரண்டு மூன்று டாலர் கடன் கொடுக்கின்றன. நியூயார்க் மாநிலம் இதில் முன்னோடி. 1950-களின் கொடும் வறட்சிக்குப் பின் 1957-இல் நீர் மேம்பாட்டு வாரியத்தை அமைத்த டெக்சஸ், 2013-இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு மாநிலத்தின் அவசரகாலச் சேமிப்பிலிருந்து 200 கோடி டாலரை எடுத்து, தண்ணீருக்கென்றே தனி நிதியை நிறுவியது.

ஒரு ஊர் கடன் வாங்கும் விதம்

கடனுக்கு வரும் ஊர் முதலில் ஒரு பொறியாளரை அமர்த்தி, என்ன கட்ட வேண்டும், எவ்வளவு ஆகும், வேறு வழி உண்டா என்று அறிக்கை தயாரிக்க வேண்டும். பல ஊர்கள் இடறி விழும் முதல் இடம் இதுதான். கடன் கைக்கு வருவதற்கு முன்பே இந்த அறிக்கைக்குப் பணம் வேண்டும். முழுநேர ஊழியர் ஒருவர்கூட இல்லாத ஊரில் விண்ணப்பத்தை யார் எழுதுவது என்பதும் கேள்விதான். திட்டமிடலுக்கென்றே தனிக் கடனோ மானியமோ பல மாநிலங்களில் உண்டு என்றாலும், அதற்கும் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டுமே.

அறிக்கை போனபின் மாநிலம் எல்லாத் திட்டங்களுக்கும் மதிப்பெண் போட்டு ஆண்டுப் பட்டியல் வெளியிடும். உடல்நலத்துக்கு ஆபத்து எவ்வளவு, சட்ட விதிகளை மீறும் நிலையா, மக்களால் கட்டணம் கட்ட முடியுமா என்பவையெல்லாம் மதிப்பெண்ணில் சேரும். பட்டியலில் மேலே வந்துவிட்டால் சுற்றுச்சூழல் ஆய்வு, கடன் ஒப்பந்தம், டெண்டர். பணம் மொத்தமாகக் கைக்கு வராது. ஒப்பந்ததாரர் மாதந்தோறும் பில் கொடுப்பார். பொறியாளர் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடுவார். மாநிலம் அந்தத் தொகையை மட்டும் விடுவிக்கும்.

மத்திய அரசின் பணம் என்பதால் அதற்கே உரிய நிபந்தனைகளும் தொற்றிக்கொண்டு வரும். தொழிலாளர்களுக்கு அந்த வட்டாரத்தில் நிலவும் கூலியைக் கொடுக்க வேண்டும். குழாய், வால்வு, ஆள்துளை மூடி, தீயணைப்புக் குழாய்முனை போன்ற இரும்பு, எஃகுப் பொருள்கள் அமெரிக்காவிலேயே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். அதற்கு உற்பத்தியாளரின் சான்றுக் கடிதம் கோப்பில் இருந்தாக வேண்டும். ஒரு வால்வுக்கான கடிதம் காணவில்லை என்றால் தணிக்கையில் அந்த வால்வே பிரச்சினையாகிவிடும். குறைந்த வட்டியால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி இந்த நிபந்தனைகளை நிறைவேற்றுவதிலேயே கரைந்துவிடுகிறது என்பது நகரப் பொறியாளர்களின் பழைய புலம்பல். அதில் உண்மையும் இருக்கிறது. சிறிய திட்டங்களுக்கு அந்தச் சுமை கூடுதல்.

கடனுக்குப் பிணை என்ன? நிலையத்தை ஏலம் விட முடியாது. குழாயைத் தோண்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. தண்ணீர்க் கட்டண வருவாயைத்தான் ஈடாக வைக்கிறார்கள். பராமரிப்புச் செலவு போக மிஞ்சும் வருவாய், ஆண்டுத் தவணையைவிடக் குறிப்பிட்ட அளவு அதிகமாக இருக்கும்படி கட்டணத்தை வைத்திருப்போம் என்று நகரம் ஒப்பந்தத்திலேயே உறுதி தர வேண்டும். அதாவது, கடனில் கையெழுத்திடும் நகர்மன்றம், தேவைப்பட்டால் கட்டணத்தை உயர்த்துவோம் என்பதிலும் சேர்த்தே கையெழுத்திடுகிறது. திறப்பு விழா மேடையில் இந்தப் பகுதியை யாரும் படித்துக் காட்டுவதில்லை.

தனியார் சந்தையில் என்ன ஆகலாம் என்பதற்கு அலபாமா மாநிலத்தின் ஜெஃபர்சன் கவுண்டி எடுத்துக்காட்டு (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி). பாதாளச் சாக்கடையைச் சீரமைக்க அது கடன் பத்திரங்கள் மூலம் 300 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பிறகு அதில் பெரும்பகுதியை மாறும் வட்டிக்கும், வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களுக்கும் மாற்றிக்கொண்டது. 2008 நிதி நெருக்கடியில் வட்டி எகிறியது, கணக்கெல்லாம் கவிழ்ந்தது. 2011-இல் கவுண்டி திவால் மனு கொடுத்தது. அன்றுவரை அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அதுவே மிகப் பெரிய திவால். லஞ்ச வழக்குகளில் அதிகாரப் பதவியில் இருந்தவர்கள் சிறைக்கும் போனார்கள். அரசுக் கடனின் மதிப்பு குறைந்த வட்டியில் மட்டும் இல்லை. முப்பது ஆண்டுக்கும் ஒரே வட்டி என்ற நிச்சயம் அதைவிடப் பெரியது.

பெரிய நகரங்களின் கடன்

சுழல்நிதிக் கடன்கள் பெரும்பாலும் நடுத்தர அளவிலான திட்டங்களுக்கே போதுமானவை. நூறு கோடி டாலர் திட்டம் ஒன்றுக்குக் கொடுத்தால் மாநிலத்தின் பெட்டி காலியாகிவிடும். அந்த இடைவெளியை நிரப்ப 2014-இல் வந்ததுதான் நீர் உள்கட்டமைப்பு நிதி மற்றும் புத்தாக்கச் சட்டம். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து விஃபியா என்பார்கள். இதில் மாநிலம் நடுவில் இல்லை. மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நேரடியாகக் கடன் தருகிறது. திட்டச் செலவில் 49 சதவீதம் வரை கிடைக்கும். கட்டுமானம் முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் வரை தவணையைத் தள்ளிப்போடலாம். முடிந்த நாளிலிருந்து 35 ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். வட்டி, அதே கால அளவுள்ள அமெரிக்கக் கருவூலப் பத்திரங்களின் வட்டியை ஒட்டியது. கடன் வாங்கும் நகரத்தின் தரமதிப்பீடு, அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்குச் சந்தையில் தரும் மதிப்பெண், எதுவானாலும் வட்டி ஒன்றுதான். 2018 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி, மழைக்காலச் சாக்கடைப் பெருக்கைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்காக 13.45 கோடி டாலர் வாங்கியது. அதுதான் முதல் கடன். அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ 69.9 கோடி டாலர் வாங்கியது.

விஃபியாவின் வட்டி எல்லோருக்கும் ஆதாயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் உள்ளாட்சிக் கடன் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது. அதனால் முதல்தரத் தரமதிப்பீடு உள்ள நகரம் பல நேரங்களில் கருவூலத்தைவிடக் குறைந்த வட்டியிலேயே சந்தையில் பணம் திரட்டிவிட முடியும். அப்படிப்பட்ட நகரமும் விஃபியாவிடம் வருவது தவணையை வளைத்துக்கொள்ளும் வசதிக்காக. கையெழுத்திடும் நாளிலேயே வட்டி உறுதியாகிவிடும். பணத்தை எடுக்கும்வரை வட்டி ஓடாது. கட்டணத்தைத் திடீரென்று ஏற்றாமல் படிப்படியாக உயர்த்த இது இடம் கொடுக்கிறது.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி அரசின் கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கடன் சீர்திருத்தச் சட்டப்படி, அரசு 100 கோடி டாலர் கடன் கொடுத்தால் பட்ஜெட்டில் 100 கோடியைச் செலவாக எழுத வேண்டியதில்லை. கடன் முடியும்வரை எவ்வளவு இழப்பு வரக்கூடும் என்று மதிப்பிட்டு அதை மட்டும் எழுதினால் போதும். தண்ணீர்க் கட்டணத்தை ஈடாக வைத்தவர்கள் கடனைக் கட்டாமல் போவது அபூர்வம். அதனால் அந்த மதிப்பீடு ஒரு கோடி, ஒன்றரைக் கோடி என்ற அளவிலேயே நிற்கிறது. ஒரு டாலர் ஒதுக்கீட்டில் பல பத்து டாலர் கடன் என்று அதிகாரிகள் பெருமைப்படுவது இதை வைத்துத்தான்.

பெருமை நியாயமானதே. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் செய்கிறது. கடன் வாங்குபவர் தவறாமல் கட்டக்கூடியவராக இருந்தால் அரசின் மதிப்பிட்ட இழப்பு குறையும்; அதே ஒதுக்கீட்டில் அதிகக் கடன் கொடுக்கலாம். தடுமாறும் நகரம் வந்தால் மதிப்பிட்ட இழப்பு ஏறும். நல்ல தரமதிப்பீடு கட்டாயம், திட்டத்தின் அளவு குறைந்தது 2 கோடி டாலர் (25,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு 50 லட்சம்), விண்ணப்பக் கட்டணமே ஒரு லட்சம் டாலர் (சிற்றூருக்கு 25,000) என்பவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வாசலில் வடிகட்டி வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

வட்டியைக் குறைத்தால் போதுமா

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். 5,000 இணைப்புகள் உள்ள ஊருக்கு ஒரு கோடி டாலரில் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். 30 ஆண்டுத் தவணை. சந்தையில் 5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6.5 லட்சம் டாலர் கட்ட வேண்டும். அரசுக் கடன் 2.5 சதவீதத்தில் கிடைத்தால் 4.8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முப்பது ஆண்டில் மிச்சம் 50 லட்சத்தைத் தாண்டும். வீட்டுக்கு மாதம் 11 டாலர் விழவேண்டிய இடத்தில் 8 டாலர்தான் விழும். அரசுக் கடனின் பயன் இங்கே பளிச்சென்று தெரிகிறது.

இப்போது 500 இணைப்புகளே உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். வீடுகள் பத்தில் ஒன்று என்பதற்காக நிலையத்தின் செலவு பத்தில் ஒன்றாகிவிடாது. பம்பு வேண்டும், கட்டடம் வேண்டும், ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். 40 லட்சம் டாலர் என்று வைத்தால், சந்தை வட்டியில் வீட்டுக்கு மாதம் 43 டாலர் வரும். 2.5 சதவீதத்தில் 32 டாலர். வட்டியே வேண்டாம், அசலை மட்டும் முப்பது ஆண்டில் கொடு என்றாலும் 22 டாலர். பெரிய ஊர் சந்தை வட்டியில் கட்டுவதைவிட இரு மடங்கு! இது கடன் தவணை மட்டும்தான். மின்சாரம், வேதிப்பொருள், ஊழியர் சம்பளம் எல்லாம் தனி.

வட்டியைப் பூச்சியமாக்கினாலும் சிறிய ஊரின் கணக்கு சரியாகாது என்பதை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன. அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 சமுதாயக் குடிநீர் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை 3,300 பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ தண்ணீர் கொடுப்பவை. ஆகவே இது ஓரத்தில் கிடக்கும் விதிவிலக்கு இல்லை.

சிறிய ஊருக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்றும் இல்லை. மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் 1980-இல் இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள். 2020-இல் ஒன்றரை லட்சம். ஆள் குறைந்தாலும் குழாயின் நீளம் குறையாது. மீட்டரும் பில்லும் குளறுபடியாகி, கொடுத்த தண்ணீருக்கே காசு வராத நிலை. ஈடாக வைக்க வேண்டிய வருவாயே ஒழுகிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு மலிவான கடனும் எட்டாக்கனிதான். 2022 ஆகஸ்டில் முக்கியச் சுத்திகரிப்பு நிலையம் செயலிழந்து நகரமே தண்ணீரில்லாமல் தவித்தது. அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் 60 கோடி டாலரை நேரடியாக ஒதுக்கிற்று. பல ஆண்டுகளாகக் கடன் போய்ச்சேர முடியாத ஊருக்கு, விபத்துக்குப் பிறகு மானியம் போய்ச்சேர்ந்தது.

இதை உணர்ந்துதான் சுழல்நிதிக்குள் அசல் தள்ளுபடி நுழைந்தது. 2009 பொருளாதார ஊக்கத் திட்டத்தில் இரு சுழல்நிதிகளுக்கும் சேர்த்து 600 கோடி டாலர் கொடுத்த நாடாளுமன்றம், அதில் குறைந்தது பாதியைத் தள்ளுபடியாகவோ மானியமாகவோ தரச் சொன்னது. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம், 2022 முதல் 2026 வரையான ஐந்து நிதியாண்டுகளுக்குத் தண்ணீர்த் துறைக்கென 5,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதில் ஈயக் குழாய்களை மாற்ற மட்டும் 1,500 கோடி. அந்தப் பணத்தில் 49 சதவீதம் நலிந்த ஊர்களுக்குத் தள்ளுபடியாகவோ மானியமாகவோ போக வேண்டும்.

மீதி 51 சதவீதம் கடன். ஈயக் குழாயை மாற்றுவதால் நகரத்துக்கு ஒரு பைசா கூடுதல் வருவாய் இல்லை. அதே வீடு, அதே தண்ணீர், அதே பில். வீட்டுக்குப் போகும் குழாயின் ஒரு பகுதி பல ஊர்களில் வீட்டுக்காரருக்குச் சொந்தம் வேறு. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நச்சை அகற்ற ஊர் ஏன் கடன்பட வேண்டும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. மண்ணுக்கடியில் நச்சு கிடக்கிறது என்றால் அதை எடுத்துப்போடும் செலவு மானியத்தில் போவதே முறை என்பது என் கருத்து.

ஆனால் மறுபக்கமும் உண்டு. தள்ளுபடி செய்த டாலர் நிதிக்குத் திரும்புவதில்லை. சுழல்நிதியின் முழு வலிமையும் பணம் திரும்பி வருவதில் இருக்க, இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு தள்ளுபடியும் அடுத்த தலைமுறைக் கடனில் கொஞ்சத்தைக் குறைக்கிறது. இதைவிடப் பெரிய கசிவு வேறிடத்தில் இருக்கிறது. 2022 நிதியாண்டு முதல் உறுப்பினர்கள் தத்தம் தொகுதித் திட்டங்களுக்குப் பெயர் குறிப்பிட்டுப் பணம் வாங்கும் வழக்கம் நாடாளுமன்றத்தில் திரும்பி வந்தது. அந்தப் பணம் சுழல்நிதிகளின் வருடாந்திர ஒதுக்கீட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. மாநிலத்தின் மதிப்பெண் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும், செல்வாக்குள்ள உறுப்பினர் கிடைத்த ஊருக்கு மானியம். மற்றவர்களுக்கு மெலிந்துபோன நிதியிலிருந்து கடன். ஏழை ஊருக்குச் செய்யும் தள்ளுபடியை ஏற்கலாம். இதை ஏற்பது கடினம்.

தேவையோ மலைபோல் நிற்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அண்மைக் கணக்கெடுப்புகளின்படி, இருபது ஆண்டுகளில் குடிநீருக்கு 62,500 கோடி டாலரும் கழிவுநீர், மழைநீருக்கு 63,000 கோடி டாலரும் வேண்டும். இதில் பெரும்பங்கை எந்தத் திட்டம் வந்தாலும் கட்டணம் கட்டுபவர்களே சுமப்பார்கள்.

கடனும் வேண்டாம், தள்ளுபடியும் வேண்டாம், சிறிய அமைப்பை அருகிலுள்ள பெரிய அமைப்போடு இணைத்துவிடலாம் என்று மூன்றாவது வழி ஒன்றைச் சில மாநிலங்கள் பார்க்கின்றன. மேலே போட்ட கணக்கில் 500 இணைப்புகளை 5,000 ஆக்குவதுதான் இதன் உட்பொருள். கலிபோர்னியா 2015-இல், தரமான தண்ணீர் கொடுக்க முடியாத சிறிய அமைப்புகளை இணையும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மாநில நீர் வாரியத்துக்கு அளித்தது. உள்ளூர் மன்றங்கள் தங்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கும். பெரிய நகரமோ பழுதான குழாய்களை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று முணுமுணுக்கும். இருந்தும் வறட்சியில் கிணறுகள் வற்றிப்போன கிழக்குப் போர்ட்டர்வில்லில், நூற்றுக்கணக்கான வீடுகள் பக்கத்து நகரமான போர்ட்டர்வில்லின் குழாயோடு 2016 முதல் சில ஆண்டுகளில் இணைக்கப்பட்டன. இணைப்புச் செலவை மாநிலம் ஏற்றது. மாதக் கட்டணம் வீட்டுக்காரர்களுடையது.